சாச்சி வரைந்த பெட்டிகள்

சாய்ந்தமருதில் எங்கள் சாச்சிக்குச் சீதனமாகக் கட்டிய வீட்டின் முன்கூடத்தில், மாப்பிள்ளை வருவதற்கு முன்பே ஒரு படம் குடியேறிவிட்டது. உம்மாவின் தங்கையான அந்தச் சாச்சியே, கேற்றுக்கு அடித்து மிஞ்சிய வெள்ளை, சாம்பல், நீலப் பெயின்றுகளால் ஒரு பலகையில் வரைந்தது. ஆளில்லை, மரமில்லை, சாய்சதுரக் கட்டங்கள் மட்டும். பார்த்துக்கொண்டே இருந்தால் அவை பெட்டிகளாகி வெளியே துருத்தும். கண்ணைச் சிமிட்டினால் அதே பெட்டிகள் குழிந்து சுவருக்குள் போய்விடும். நான் அதன் முன்னால் வாயைப் பிளந்து நின்ற நேரத்துக்கு குர்ஆனில் ஒரு ஜுஸ்உ பாடமாக்கியிருக்கலாம் என்று உம்மா குறைபட்டுக்கொள்வார்.

எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார். அதனால் பெண் பார்க்க வருகிறவர்கள் வீட்டையும் சேர்த்தே பார்ப்பார்கள். முதலில் வந்தவர், படத்தைக் கண்டால் தலை சுற்றுகிறது என்றார். அடுத்தவர், கலியாணத்துக்குப் பிறகு அந்த இடத்தில் டிவி மாட்டலாம் என்றார். இரண்டு பேரையும் சாச்சி வேண்டாம் என்றுவிட்டார். உம்மாவுக்கு வந்த கோபத்தில் பலகை அடுப்புக்குப் போயிருக்கும், வாப்பாதான் தடுத்தார்.

மூன்றாமவர் வந்த அன்று, வட்டிலப்பத் தட்டை என் கையில் தந்து சாச்சி காதுக்குள் சொன்னார்.

"படத்தில பெட்டி வெளிய நிக்கிதா, உள்ள போகுதா எண்டு கேட்டுட்டு வா."

சோதனை வைக்கிற ரீச்சரின் மிடுக்கோடு போய்க் கேட்டேன். வெளியே என்பதுதான் என் விடை.

அவர் வட்டிலப்பத்தை மறந்துவிட்டார். எழும்பினார், தலையைச் சரித்தார், ஒரு கண்ணை மூடினார். அவருடைய உம்மா இருமிக் காட்டியும் உட்காரவில்லை.

"இப்ப வெளிய நிக்கிது. இந்தா, உள்ள போயிட்டு" என்றார். "சாச்சிக்கு எப்பிடித் தெரியுதாம் எண்டு கேட்டு வாங்க மகள்."

இவ்வளவு பார்த்தும் விடை தெரியவில்லையே என்று எனக்கு இரக்கமாக இருந்தது. குசினியில் அடுப்படியில் நின்ற சாச்சியிடம் போய், இவரும் சரிவரமாட்டார், கேள்வியை உங்களுக்கே திருப்பிவிட்டார் என்றேன். சாச்சி முகம் முழுக்கச் சிரித்தார். பிறகு உம்மாவைப் பார்த்து, "ஓம் எண்டு சொல்லுங்க ராத்தா" என்றார்.

படம் இன்னும் அதே சுவரில்தான் இருக்கிறது. பெருநாளுக்குப் போனால் சாச்சாவும் சாச்சியும் அதைக் காட்டி வெளியே, உள்ளே என்று வாதாடுவார்கள். பார்க்கச் சந்தோசமாக இருக்கும்.

அன்றைக்கோ, விடை தெரியாத ஆளுக்கு வீட்டைக் கொடுக்கிறார்களே என்று எனக்கு மனம் ஆறவில்லை. அந்தப் படம் உங்களுக்கு எப்படித் தெரிகிறது என்று அதுவரை சாச்சியிடம் ஒருவருமே கேட்டதில்லை, தினமும் அதன் முன்னால் நின்ற நான்கூடக் கேட்டதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.