மதலேன் டீச்சர் எழுதிய பிறந்த தேதிகள்

செய்தி வந்தபோது மணி மூன்று இருபது. 1978 செப்டம்பர் 21, வியாழக்கிழமை. தருமபுரியில் நான் குமாஸ்தாவாக இருக்கும் அலுவலகத்தில் டீ குடித்த டம்ளர்களைத் திருப்பி எடுத்துப் போகும் நேரம். பியூன் சென்றாயன் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "சார், உங்க ஊர்ல இருந்து போன்ங்க. டீச்சரம்மாவுக்கு ஒடம்பு சரியில்லையாம். உடனே வரச் சொன்னாங்க" என்றான். உடம்பு சரியில்லை என்று சொல்வதற்காக யாரும் நாலு மைல் சைக்கிள் மிதித்துக் காரிமங்கலம் தபாலாபீசுக்குப் போய் போன் போட மாட்டார்கள். பஸ்ஸில் உட்காரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

நாலாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்த என் மனைவி மதலேன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அப்புறம் எழுந்திருக்கவில்லை. வயது நாற்பத்து நாலு. இதை நான் தயங்காமல் எழுதலாம். தன் பிறந்த தேதியை அவள் மூன்று இடத்தில் சரிபார்த்து வைத்திருந்தாள்.

அடக்கத்தின்போது பங்குச் சாமியார், மதலேன் டீச்சர் கோயிலில் மட்டும் கிறிஸ்தவளாக இருக்கவில்லை, வேலை செய்த இடத்திலும் கிறிஸ்தவளாக இருந்தாள், உண்மையை விட்டு ஓர் அங்குலம் நகராதவள் என்று பேசினார். குழியின் அந்தப் பக்கம் என் தம்பி சவுரியப்பன் தலையைக் குனிந்து நின்றான். சாமியார் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் சொன்ன அந்த உண்மையோடு இருபத்து நாலு வருஷம் குடித்தனம் நடத்தியவன் நான். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இன்னும் போகவில்லை.

எங்கள் பக்கத்தில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வருகிறவர்களுக்குப் பிறந்த தேதி தெரியாது. பிள்ளை வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் வயது ஐந்து. வாத்தியார் ஜூன் ஒன்று என்று எழுதிக்கொள்வார். பின்னால் வேலைக்கு உதவும் என்று ஒரு வருஷம், இரண்டு வருஷம் குறைத்துப் போடச் சொல்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கும் ஜூன் ஒன்றுதான், வருஷம் மட்டும் மாறும்.

கல்யாணமான வருஷமே மதலேன் எங்கள் ஊர் மிஷன் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்தாள். சேர்க்கைப் பதிவேடு எழுதுவது அவள் வேலை ஆயிற்று. காது தொடுகிற கதையெல்லாம் அவளிடம் நடக்கவில்லை. எந்த மாசம், ஆடிப்பெருக்குக்கு முந்தியா பிந்தியா, கொள்ளு பிடுங்கியாகிவிட்டதா, சந்தை நாளா, மறுநாளா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். நட்சத்திரம் தெரிந்தால் அதையும் எழுதிக்கொள்வாள். அதற்கென்று பழைய பஞ்சாங்கங்களைத் தேடி வாங்கிப் பெட்டியில் செபமாலைக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தாள். ஒரு தடவை வீடு மந்திரிக்க வந்த சாமியார் அதைப் பார்த்துவிட்டார்.

"என்ன டீச்சர், ஜோசியம் பாக்கறீங்களா?"

"முன்னால பாக்கறதுக்கு இல்லைங்க சாமி. பின்னால போயிப் பாக்கறதுக்கு" என்றாள்.

ஊரார் அவளோடு பட்ட பாடு கொஞ்சமில்லை. கொள்ளுக்காடு முனிராஜ் தன் மகனைச் சேர்க்க வந்த அன்று நானும் பள்ளிக்கூடத்தில் இருந்தேன்.

"ரெண்டு வயசு கொறைச்சுப் போடுங்க டீச்சரம்மா. பையன் போலீசுக்குப் போவான்."

"போலீசுக்குப் போறவன் பொய்யோட போகலாமாங்க?"

"வேற எதோட போவாங்க?" என்றார் முனிராஜ். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் சரியான தேதியைத்தான் எழுதினாள். முனிராஜ் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை.

ஒரு பிள்ளை தாயின் ஊரான வத்தல்மலையில் பிறந்தது என்று கேள்விப்பட்டு அங்கேயும் போனாள். துணைக்கு நான். மூன்று மணி நேரம் மலையேறிப் போய், "மழைக்காலம்ங்க" என்று ஒரு பதில் வாங்கிக்கொண்டு இறங்கி வந்தோம். வழியில் நான் பொறுக்காமல் கேட்டேன். எந்தத் தேதி போட்டால் என்ன, யாருக்கு என்ன நஷ்டம் என்று.

"ஞாயித்துக்கிழமை முட்டி போடறது யாராலயும் முடியுங்க. திங்கக்கிழமை பேனாவக் கையில எடுக்கறப்ப அதே சாமி இருக்கணுமில்ல" என்றாள். மூச்சு வாங்கியபடி, ஒரு கல்லில் உட்கார்ந்து, காலில் தைத்த முள்ளை எடுத்துக்கொண்டு சொன்னாள். அன்றைக்கு அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சவுரிக்கு நாலு வயதில் அம்மா தவறிவிட்டாள். மதலேன்தான் வளர்த்தாள். சோறு ஊட்டியதும், காய்ச்சலில் பக்கத்தில் விழித்திருந்ததும், 1955-இல் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்ப் பள்ளியில் சேர்த்ததும் அவள்தான். அவன் பிறந்தபோது நான் சேலத்தில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். கோடை லீவில் வந்தபோதுதான் தொட்டிலில் பார்த்தேன். அப்பாவுக்குத் தேதி நினைவில்லை. ஞானஸ்நான சர்டிபிகேட்டில் 1949 டிசம்பர் 3 என்று இருந்தது. கோயில் புத்தகத்திலிருந்து எடுத்தது. அவள் அதைப் பார்த்து அப்படியே எழுதிக்கொண்டாள். அவன் ஒருவனுக்குப் பஞ்சாங்கம் புரட்டவில்லை.

பி.ஏ. முடித்துவிட்டு சவுரி இரண்டு தடவை அரசாங்கக் குமாஸ்தா பரீட்சை எழுதினான். இரண்டு தடவையும் நாலைந்து மார்க்கில் போயிற்று. மூன்றாவது விளம்பரம் 1975 ஜனவரியில் வந்தது. ஜனவரி முதல் தேதியன்று இருபத்தைந்து வயது முடிந்திருக்கக் கூடாது. சவுரிக்கு முடிந்து இருபத்தொன்பது நாள் ஆகியிருந்தது. அதற்கும் வழி இருந்தது. முதலில் சேர்ந்த பள்ளியின் தலைமையாசிரியர், தேதி எழுதும்போது பிழையாகிவிட்டது என்று ஒரு கடிதம் கொடுத்தால் மற்றதை மாற்றிக்கொள்ளலாம். எத்தனையோ பேர் செய்தது. அப்போது மதலேன்தான் தலைமையாசிரியை.

கடிதத்தை நானே எழுதினேன். ஆபீஸ் வேலையில் எனக்கு அது கைவந்த காரியம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சாப்பிட்டு, பாயில் உட்கார்ந்திருந்தவள் முன்னால் வைத்தேன். சவுரி கதவோரம் நின்றான்.

அவள் இரண்டு தடவை படித்தாள். "எழுத்தர் பிழைன்னு போட்டிருக்கீங்க. எழுதுனது நான்தானே. நான் பிழையா எழுதலையேங்க."

"அண்ணி, பக்கத்து ஊரு இஸ்கூல்ல போயிப் பாருங்க" என்றான் சவுரி. "நாப்பது புள்ளைங்க ஒரே நாள்ல பொறந்திருக்குது. ஊரு பூரா ரெட்டைப் புள்ளைங்கதான். என்கூடப் படிச்ச தீர்த்தகிரி எனக்கு ஒரு வருசம் மூத்தவன். அவனுக்கு வயசு பத்தலைன்னு வேணா சொல்லுவாங்க, முடிஞ்சு போச்சுன்னு சொல்ல மாட்டாங்க."

"அவங்க எழுதுனதுக்கு நான் என்ன பண்ண முடியும், சவுரி?"

"நீங்க எழுதுனதுக்குப் பண்ணுங்க. எனக்குன்னு ஒரே ஒரு கையெழுத்துங்க அண்ணி. இதுக்கு மேல கேக்க மாட்டேன்."

பொய்ச் சாட்சி கூடாது என்ற கட்டளை கோர்ட்டுக் கூண்டில் நிற்பவனுக்கு மட்டும் இல்லை என்றாள். முனிராஜ் மகனுக்குச் செய்யாததைச் சொந்தக் கொழுந்தனுக்குச் செய்தால் இத்தனை வருஷம் எழுதியதெல்லாம் என்ன ஆகும் என்றாள். சொல்லும்போது அழுதாள். ஆனால் பேனாவைத் தொடவில்லை. நான் வாய்க்கு வந்ததைப் பேசினேன். மலடி என்ற வார்த்தையும் அதில் இருந்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த ஒன்றை அவள் அப்புறம் ஒரு நாளும் சொல்லிக் காட்டவில்லை.

தீர்த்தகிரி பரீட்சை எழுதினான், தேறினான், இப்போது கிருஷ்ணகிரியில் உத்தியோகம். சவுரி பெங்களூருக்குப் போய்க் கண்ணாடி வெட்டும் கடையில் சேர்ந்தான். வருஷத்துக்கு ஒரு கடிதம், அதுவும் எனக்கு. அண்ணியைக் கேட்டதாக ஒரு வரி இருக்காது. அவள் அந்தக் கடிதங்களை நான் ஆபீசுக்குப் போன பிறகு எடுத்துப் படிப்பாள் என்று எனக்குத் தெரியும்.

இந்த வருஷம் ஜூன் மாதம் எங்கள் தெருக்கோடி ஜான் பீ தன் மகள் சுல்தானாவின் பிள்ளையைச் சேர்க்க வந்திருக்கிறார். அவருடைய கணவர் தஸ்தகீர் சந்தையில் அலுமினியப் பாத்திரம் விற்பவர். எங்கள் அம்மாவுக்கு ஜான் பீ நல்ல சிநேகம்.

பிள்ளையின் தேதியை எழுதி முடித்ததும் ஜான் பீ சும்மா இருக்காமல், "சுல்தானாவும் உங்க கொழுந்தனும் பதிமூணு நாள் வித்தியாசம் டீச்சரம்மா. இவ மூத்தவ. இவளுக்கு ரெண்டாவது புள்ளயே இஸ்கூல் வந்திருச்சு, அவன் இன்னும் கல்யாணம் கட்டாம கெடக்கறானே" என்றிருக்கிறார்.

"சுல்தானா எப்பப் பொறந்தா?"

"மீலாது அன்னிக்கு. நான் பச்ச ஒடம்புக்காரி படுத்திருக்கேன், அங்க உங்க மாமியாளுக்கு வலி கண்டிருச்சு. வெளியே மாட்டுக்குக் கொம்புச் சாயம் அடிச்சுக்கிட்டிருந்தாங்க. நம்ம தெருக் கிருஷ்ணப்பன் சாயம் பட்ட செவப்புக் கையோட ஓடிப்போயி மருத்துவச்சியக் கூட்டியாந்தான். கையில ரத்தமோன்னு அவ பயந்துட்டா."

மாட்டுப் பொங்கல். மதலேன் வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தாள். அந்த வருஷம் மீலாது ஜனவரி இரண்டாம் தேதி வாக்கில் வந்திருந்தது. பதிமூன்று நாள் கூட்டினால் பொங்கலுக்கு மறுநாள். சவுரி பிறந்தது 1950 ஜனவரி 15. அவன் கேட்ட பரீட்சைக்கு அவனுக்கு வயது சரியாகவே இருந்திருக்கிறது.

மறு ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குக் கோயில் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன். 1950 பிப்ரவரியில் சாமியார் எங்கள் ஊருக்கு வந்து ஒரே நாளில் ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளைகளில் ஐந்து ஆண் பிள்ளைகள். சவுரிமுத்து, சவுரிநாதன், சவுரியப்பன் என்று ஐந்துமே சவுரி. ஐந்து பேருக்கும் பிறந்த நாள் டிசம்பர் 3, சவுரி என்று நாங்கள் சொல்லும் சவேரியாரின் திருநாள். சாமியாருக்கு உதவியாகப் புத்தகம் எழுதிய அந்தக் காலத்து உபதேசியார் பெயர் வைத்த கையோடு தேதியையும் வைத்துவிட்டார். ஜூன் ஒன்று எழுதிய வாத்தியாருக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்?

வீட்டுக்கு வரும் வழியில் நான் கேட்டேன். "ஊரையே சல்லடை போட்டுச் சலிச்சியே. வத்தல்மலைக்கு ஏறுனியே. நாலு வீடு தள்ளி இருக்கற ஜான் பீகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கோயில் புக்குன்னு நம்பிட்டேங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஆகஸ்டில் தனியாகப் பஸ் ஏறிப் பெங்களூர் போனாள். என்னைக் கூப்பிடவில்லை. சவுரி அவளைக் கடைக்குள் ஸ்டூலில் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டானாம். பிறகு, "அப்ப பொய்யத்தான் எழுதி வெச்சிருக்கீங்க அண்ணி. பொய்ய எழுதி, அதை விடாம காப்பாத்தியும் இருக்கீங்க" என்றானாம். கோபமாகச் சொல்லவில்லை என்று அவள் என்னிடம் இரண்டு தடவை சொன்னாள். தை மாதம் அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டப் போவதாகவும் சொல்லியிருக்கிறான். கல்யாணத்துக்குக் கோயிலில் ஞானஸ்நான சர்டிபிகேட் கேட்பார்கள். "சரியான தேதி போட்டு வந்தா வாங்கிக்கறேன். அந்தப் பழைய தேதியோட அனுப்பாதீங்க" என்று பஸ் ஏற்றிவிட்டிருக்கிறான்.

பங்குச் சாமியார் நல்லவர். புத்தகத்தில் திருத்தம் எழுதலாம், ஆனால் நேரில் தெரிந்த இரண்டு பேர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும், எந்த மதத்தாராக இருந்தாலும் சரி என்றார். அன்றைக்கே மதலேன் கடிதம் எழுதினாள். ஜான் பீ வந்து கைநாட்டு வைத்து, மையைச் சுவரில் துடைத்துவிட்டுப் போனார்.

இரண்டாவது கையெழுத்தை நான் போடுகிறேன் என்று பேனாவைத் திறந்தேன். அண்ணன் போட்டால் யார் கேட்பார்கள்? நடந்ததும் உண்மை. தேதியும் உண்மை.

அவள் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நீங்க அப்பச் சேலத்துல இருந்தீங்க. பாக்கலையேங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதி முடியாது. மூன்று வருஷம் இழந்து, தம்பியை இழந்து, அத்தனையும் எதனால் என்று தெரிந்த பிறகும் இவள் இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அன்றைக்கு நான் அவளோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. பேச்சில்லாத அந்த நாட்கள் ஐந்து. ஐந்தாவது நாள் வியாழக்கிழமை.

அன்றைக்கு மருத்துவச்சியைக் கூட்டி வந்த கிருஷ்ணப்பன் இப்போது பொம்மிடியில் ரயிலடிக்குப் பக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். கண் மங்கிவிட்டதாம், நினைவு நன்றாக இருக்கிறதாம். அவரிடம் கையெழுத்து வாங்கச் சனிக்கிழமை காலை பஸ்ஸுக்குப் போவதாக மதலேன் ஜான் பீயிடம் சொல்லி வைத்திருந்தாள்.

அடக்கம் முடிந்து சவுரி பெங்களூர் திரும்பிவிட்டான். சர்டிபிகேட்டைப் பற்றி அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கடிதம் என்னிடம் இருக்கிறது. முதல் சாட்சி என்று எழுதிய இடத்தில் ஜான் பீயின் பெருவிரல் ரேகை. இரண்டாம் சாட்சி என்று எழுதி அவள் அடிக்கோல் வைத்துப் போட்ட கோட்டின் மேல் எந்தக் கையெழுத்தும் இல்லை.