பத்து லட்சம் ஓம்

மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்தில் பிறந்த வீரையா, அக்குறணையில் மக்கீன் முதலாளியின் ரேடியோக் கடையில் இருபது வருஷமாகப் பழுதுபார்த்தவர். ரெசிஸ்டர் என்கிற அரிசிமணி அளவுச் சாமானின் மின்தடையைச் சொல்லும் நிற வளையங்களை அவர் நம்பவே மாட்டார். உள்ளே வெந்துபோயிருந்தாலும் வெளியே பளபளவென்றிருக்கும் என்பார். அதன் ஒரு கம்பிக்காலைப் பலகையிலிருந்து கழற்றி, மல்டிமீற்றரை வைத்து அளந்தால்தான் அவருக்கு மனசு ஆறும். யாராவது அதன் இரண்டு காலையும் விரல்களால் பிடித்துக்கொண்டு அளந்துவிட்டால் போதும், மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். உடம்பு வழியாகவும் மின்சாரம் ஓடுமே, எண்ணைக் குறைத்தல்லவா காட்டும்! "ஒங்களையும் சேர்த்துல்ல அளக்குறீங்க" என்று சீறுவார்.

கண்டி தலதா மாளிகைக்கு முன்னால் குண்டு வெடித்த தொண்ணூற்றெட்டில், தமிழன் என்றாலே பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். கண்டியில் ஒரு வீட்டுக்கு ரேடியோ திருத்தப் போய்க்கொண்டிருந்த வீரையாவின் பையில் மீற்றர், வயர், நூறு ரெசிஸ்டர்கள். வேறென்ன வேண்டும்? நேரே பொலிஸுக்குக் கொண்டுபோனார்கள். மக்கீன் முதலாளி ஓடிவந்து பொறுப்புச் சொல்லியும் வாசலோடு நிறுத்திவிட்டார்கள். பின்னேரத்துக்குள் சந்தேகம் தீராவிட்டால் பூசா தடுப்பு முகாம் என்று சொல்லிவிட்டார்கள். அங்கே போனவர் எப்போது திரும்புவார் என்று யாருக்குத் தெரியும்?

விசாரித்த அதிகாரி ரேடியோ வேலை கொஞ்சம் படித்தவர். அதுதான் வினையாகிப் போயிற்று. ஒரு ரெசிஸ்டரைப் பொறுக்கியெடுத்து, பழுப்பு, கறுப்பு, பச்சை, அப்படியென்றால் மின்தடை பத்து லட்சம் ஓம், அளந்து காட்டு என்றார். வீரையா அதை மேசையில் வைத்து அளக்கப்போனால் மீற்றரின் முனை வழுக்கிக்கொண்டு போனது. முதுகுக்குப் பின்னால் துப்பாக்கியோடு ஒருவன். தன்னையறியாமல் இரண்டு கையாலும் பிடித்து அழுத்திவிட்டார். ஒரு லட்சத்து நாற்பதாயிரம் என்று காட்டியது.

அதிகாரியின் முகம் மாறியது. நிறம் ஒன்று, சாமான் வேறொன்று, இது என்ன இரகசியக் குறி என்று கேட்டார். அட பாவி மனுஷா, ஆயுள் முழுக்க ஊரைத் திட்டிய பிழையை, தலைக்கு வந்த நேரத்தில் நீயே செய்தாயே!

வீரையா, அதே மாதிரிப் பிடித்து அளந்து பார்க்கும்படி அதிகாரியையே கெஞ்சினார். அவர் கையில் ஆறு லட்சத்து எழுபதாயிரம் காட்டியது. பிறகு கை படாமல் மேசையில் வைத்து அவரே அளந்தார். பத்து லட்சத்துக்குச் சற்றே குறைவு. மறுபடி அளந்தாலும் அதுதான்.

அதிகாரி மீற்றரைக் கீழே வைத்தார். பிறகு, என் கையில் இவ்வளவு காட்டியது உன் கையில் ஏன் அவ்வளவு குறைந்தது என்று சிங்களத்தில் கேட்டார். வீரையாவும் சிங்களத்திலேயே பதில் சொன்னார்.

"வேர்வை மாத்தயா. பயத்துல வேர்த்துப் போச்சு."

"குற்றம் செய்யாதவனுக்கு என்ன பயம்?"

"குற்றம் செஞ்சவனுக்கு, தான் என்ன செஞ்சோம்னாவது தெரியும், மாத்தயா."

அதிகாரி அவருடைய அடையாள அட்டையை மேசைமேல் தள்ளிவிட்டு, போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

வாசலில் மனைவி இராஜேஸ்வரி காலையிலிருந்து நின்றிருந்தாள். அடித்தார்களா என்று மட்டும் கேட்டாள். "இல்ல புள்ள" என்றார். அவள் அவர் கையைப் பிடித்தாள். அவருடையதைவிட அவள் கைதான் நனைந்திருந்தது. பஸ் ஏறும்வரை இருவரும் விடவில்லை.