மாமாவின் சேனலில் ஒரு காணவில்லை

தாராவியில் எங்கள் சந்தில் எல்லோருக்கும் மாமாவின் மேல் ஏதாவது ஒரு சந்தேகம் இருந்தது. படத்தின் பாதியில் திரை இருண்டால் அவர்தான் வயரைப் பிடுங்கியிருப்பார் என்றார்கள். பிறந்தநாள் வாழ்த்தில் ஒரு குழந்தையின் முகம் சற்று அதிக நேரம் நின்றால், அந்த வீட்டில் பிரியாணி சாப்பிட்டிருப்பார் என்றார்கள். அப்பா அம்மாவிடமே கேட்பார்: "உன் தம்பி டிவி ஸ்டேஷன் நடத்துதானா, லஃப்டா நடத்துதானா?" லஃப்டா என்றால் பம்பாய்ப் பேச்சில் வில்லங்கம்.

ஸ்டேஷன் என்பது பெரிய சொல். இரும்பு ஏணியில் ஏறிப் போகும் ஒரு மேல் கோலி, அதாவது ஒற்றை அறை, அவ்வளவுதான். டிவிடி பிளேயர், பழைய கம்ப்யூட்டர், ஒரு மைக், படத்தைக் கேபிளில் ஏற்றி அனுப்பும் மாடுலேட்டர் என்ற தகரப் பெட்டி, எல்லாவற்றையும் குளிர்விக்க ஒரு டேபிள் ஃபேன். கேபிள்காரரிடம் காலியாகக் கிடந்த ஒரு சேனல் எண்ணை மாமா கேட்டு வாங்கியிருந்தார். முதலில் தமிழ்ப் படம் மட்டும் போட்டார். ஒரு பொங்கலுக்கு, சாலையில் வரிசையாக அடுப்பு வைத்துப் பொங்கலிட்ட பெண்களைப் படமெடுத்து அன்று மாலையே காட்டினார். தங்கள் பானை பொங்குவதைத் தாங்களே பார்த்தவர்கள் அதன் பிறகு அவரை விடவில்லை. தினமும் மாலை ஏழரைக்குப் படம் நிற்கும். சடங்கு, கல்யாணம், தண்ணீர் வராத நாள், கண்ணீர் அஞ்சலி என்று அறிவிப்புகள் வரும். எங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் படிக்க வராது என்பதால் மாமாவே மைக்கில் வாசிப்பார். வாசித்து முடித்ததும் படம் தொடரும். செட்-டாப் பாக்ஸ் கட்டாயமானபோது அந்த எண் போயிற்று, ஸ்டேஷனும் அதோடு முடிந்தது.

ஸ்டேஷன் ஓடிய காலத்தில் அந்தக் கோலிக்கு நேர் கீழே ஒரு அக்கா இருந்தாள். சட்டைகளுக்குப் பித்தான் தைப்பது அவள் வேலை. அவளுடைய கணவர் மாமாவின் சேக்காளி. ரயிலேறிப் போகும் தூரத்திலிருந்த உல்லாஸ்நகரில் ஜீன்ஸ் தைக்கும் பட்டறையில் அவரைச் சேர்த்துவிட்டதே மாமாதான். ஒரு நாள் வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அக்கா பட்டறைக்குப் போய்க் கேட்டாள், போலீஸில் சொன்னாள். கடைசியில் கல்யாணப் போட்டோவிலிருந்து அவரை மட்டும் வெட்டியெடுத்து ஏணியேறி வந்தாள்.

"அண்ணே, இத டிவியில போடுங்க. யாராச்சும் பாத்திருப்பாவ."

மாமா போட்டோவை வாங்கிக்கொண்டு அவளைப் பார்க்காமலேயே சொன்னார்: "போடுதேன் தாயி."

அன்று எங்கள் வீட்டு டிவியில் அது வரவில்லை. மறுநாளும் வரவில்லை. எதையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கழிக்கும் புத்தி எனக்கு அப்போதே உண்டு. தோழி வீட்டில் பார்த்தேன், இல்லை. டீக்கடையில் பார்த்தேன், இல்லை. சலூனிலும் இல்லை. அம்மா கொடுத்தனுப்பிய குழம்போடு கீழ்க் கோலிக்குப் போன மாலையில்தான் கண்டேன். அக்காவின் டிவியில் அவர் முகம் பெரிதாக நின்றது. மாமாவின் குரல் அவருடைய உயரத்தையும் சட்டையின் நிறத்தையும் வாசித்துக்கொண்டிருந்தது.

மற்ற வீடுகளுக்கெல்லாம் வயர் கம்பத்துப் பெட்டியிலிருந்து வரும். அக்காவின் வயர் மட்டும் மேல்கோலியின் பலகைத் தளத்தில் போட்ட ஓட்டை வழியாக நேராக இறங்கியிருந்தது. மறுநாள் ஏணியேறிப் பார்த்தேன். மூலையில், துண்டு போட்டு மூடிய இரண்டாவது தகரப் பெட்டி. அக்காவின் வயர் அதிலிருந்துதான் இறங்கியது.

"இது எதுக்கு மாமா?"

"ஸ்பேர்."

தொட்டுப் பார்த்தேன். ஸ்பேருக்கு ஏன் சூடு?

அம்மாவிடம் சொன்னேன். அம்மாவின் சந்தேகம் வேறு திசையில் போயிற்று. கல்யாணமாகாத தம்பி, தனியாக இருக்கும் பெண், நடுவில் ஒரு வயர். மாமா சாப்பிட வந்ததும் தட்டைக் கொடுக்காமல் விசாரித்தாள்.

"எக்கா, சத்தம் போடாத" என்றார் மாமா. "அவன் காணாமல்லாம் போகல. உல்லாஸ்நகர்லயே இன்னொருத்தி கூட இருக்கான். போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன். எல்லா வீட்டுக்கும் போட்டா, பாக்கவன் எவனாவது நாளைக்கே இவகிட்ட வந்து சொல்லிருவான்."

"அப்ப நீயே சொல்ல வேண்டியதுதானல? அவ காத்துக்கிட்டுல்லா கெடக்கா."

"அவன அங்க கொண்டுபோய் விட்டதே நான்தான். எந்த வாயால சொல்ல?"

அம்மா தட்டைக் கொடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "வெளிய வாயத் தொறந்த, தொலைச்சிருவேன்" என்றாள். ஆக மாமா ஒரு ஏமாற்றுக்காரர், அம்மா அதற்கு உடந்தை என்று முடிவு செய்தேன்.

சில நாள் கழித்து மறுபடியும் ஏழரை மணிக்குக் கீழ்க் கோலியில் இருந்தேன். அக்கா பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவர் முகம் திரையில் வந்தது. நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே கேட்டாள்: "ஏட்டி, உங்க வீட்டு டிவியில இவரு வாராரா?"

நான் பித்தான் டப்பாவைப் பார்த்தேன்.

"வரமாட்டாரு" என்றாள் அவளே. "செவுத்துல காத வச்சுப் பாரு."

வைக்கவே தேவையிருக்கவில்லை. தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் படம் தொடங்கிவிட்டிருந்தது. யாரோ யாரையோ அடித்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் மட்டும் அக்காவின் கணவர் அசையாமல் நின்றார். மாமா வயரை யோசித்தாரே தவிர, சுவரை யோசிக்கவில்லை.

"எனக்கு மட்டும் போடுதாவன்னா என்ன அர்த்தம்? தேட வேண்டியதில்லன்னு உங்க மாமாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. எங்கயோ நல்லாத்தான் இருக்காரு." அடுத்த சட்டையை எடுத்தாள். "நீ போய்ச் சொல்லிராத. அவிய மனசு கஷ்டப்படும். நான் நம்பிப் பாக்கேன்னே நெனச்சுக்கிடட்டும்."

அவளுக்குத் தெரியும், மாமாவுக்கும் தெரியும். பிறகு இதை யாருக்காக ஓட்டுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து என்னிடம் வேறு எதையோ மறைக்கிறார்கள் என்று தோன்றியது.

மேலே மாமா, தகவல் தெரிந்தால் சொல்லவும் என்று வாசித்துக்கொண்டிருந்தார். அக்கா ஊசியைச் சட்டையில் குத்தி வைத்துவிட்டு எழுந்தாள். பலகை தாண்டி மேல்கோலி வரை கேட்கும் அளவுக்கு டிவியின் சத்தத்தைக் கூட்டினாள். பிறகு வந்து உட்கார்ந்து தைக்கத் தொடங்கினாள். தினமும் அந்த நேரத்தில் அப்படிச் செய்தாள்.

அவளுக்குக் காது மந்தமாகி வருகிறதோ என்று நான் வெகுநாள் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.