ஜெகதாம்பாள் டீச்சரின் ஹார்ட் டிஸ்க்

ஜெகதாம்பாளுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். டீச்சர் கத்துகிறவரைக்கும் பயமில்லை. காதோடு பேசுவதுபோல் பேச ஆரம்பித்தால்தான் அவசரமாகப் புத்தகத்தைத் திறப்பார்கள்.

திருக்கழுக்குன்றத்தில் பிறந்தவள். பி.எஸ்சி. இயற்பியல், பி.எட். முடித்து, எண்பத்தொன்பதில் புதுப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்தாள். கணவர் தாமோதரன் செங்கல்பட்டில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. காலை பஸ்ஸில் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். குழந்தைகள் இல்லை. அதைப் பற்றி யாராவது ஆரம்பித்தால், "வருஷத்துக்கு நாப்பது பேரு கீறாங்களே" என்று தாமோதரனே பேச்சை முடித்துவிடுவார்.

அந்த நாற்பது பேரில் பாதிப்பேர் மீனவக் குப்பத்துப் பிள்ளைகள். மற்ற பாடங்களில் சறுக்கினாலும் எழுந்துவிடுவார்கள், அறிவியலில் மட்டும் கொத்தாக விழுவார்கள். தொண்ணூற்றாறில் பாப்பா என்று ஒரு பெண் இரண்டாம் முறையும் தோற்றுவிட்டு வந்து நின்றாள். "மிஸ், புக்குல கீறது ஒண்ணும் என் வூட்டுல இல்ல மிஸ்" என்றாள். ரயில் வண்டி, பனிச்சறுக்கு, லிஃப்ட் என்று பாடநூல் சொன்ன உதாரணங்களைத்தான் சொன்னாள். அன்று சாயங்காலம் ஜெகதாம்பாள் ஒரு நோட்டு எடுத்து எழுத ஆரம்பித்தாள். விசையும் முடுக்கமும் என்ற பாடத்தில் பாப்பாவின் அப்பா கட்டுமரத்தை மணலிலிருந்து தண்ணீருக்குள் தள்ளினார். உள்ளுறை வெப்பத்துக்கு மீன் ஏலம் விடும் இடத்து ஐஸ் பெட்டி வந்தது. ஒலி எதிரொலிப்புக்கு சதுரங்கப்பட்டினம் கோட்டைச் சுவர். மூன்றாம் முறை பாப்பா ஐம்பத்தெட்டு வாங்கித் தேறினாள்.

நோட்டு ஒன்று நான்காயிற்று, நான்கு ஏழாயிற்று. ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் எங்கே முழிக்கிறார்கள் என்று பார்த்து, அந்த இடத்தைத் திருத்தி எழுதுவாள். இரண்டாயிரத்து ஒன்றில் தாமோதரன் தெரிந்தவர் மூலமாக ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி வந்து வீட்டில் வைத்தார். தட்டச்சுப் படித்திருந்த விரல்கள் என்பதால் தமிழில் அடிப்பது இரண்டு மாதத்தில் பழகிவிட்டது. ஏழு நோட்டையும் அதில் ஏற்றினாள், படங்களையும் தானே வரைந்து சேர்த்தாள். ஏற்றி முடித்த நோட்டுகளின் தாள்களைக் கிழித்துப் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கக் கொடுத்துவிட்டாள். அதை நினைத்துப் பிற்பாடு எத்தனையோ முறை தலையில் அடித்துக்கொண்டாள்.

உலகநாதன் சார் அதே பள்ளியில் கணக்கு ஆசிரியர். அவளைவிடப் பத்து வயது மூத்தவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கரும்பலகையில் எழுதும்போது பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டாமல் நிற்பது எப்படி என்பதிலிருந்து, சம்பளப் பட்டியலில் பெயர் விட்டுப்போனால் யாரைப் பார்ப்பது என்பதுவரை அவர்தான் சொல்லித் தந்தார். ஜெகதாம்பாளின் அப்பா இறந்தபோது பாடையின் ஒரு முனையைத் தோளில் தாங்கியவர். பள்ளியில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆளும் அவர்தான். அவளுடைய பக்கங்களில் சிலவற்றை அச்செடுத்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், இதுமாதிரி தமிழ்ல யாரும் எழுதல" என்று முதலில் சொன்னதும் அவர்தான்.

இரண்டாயிரத்து மூன்று ஏப்ரலில், பரீட்சை முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கு வந்தார். படங்களோடு சேர்ந்து பாடம் பெரிதாகிவிட்டதால் ஃபிளாப்பியில் அடங்கவில்லை என்று அவள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். "என்கிட்ட சிடி எழுதற டிரைவ் கீது. கொண்டாந்து மாட்டி, எல்லாத்தையும் ஒரு சிடில போட்டுத் தர்றேன். பத்திரமா இருக்கும்" என்று அவராகவே சொல்லியிருந்தார். பையோடு வந்து உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றினார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவளை, "நீங்க சமையலைப் பாருங்க டீச்சர், இது நேரம் புடிக்கும்" என்று அனுப்பினார். அவள் வத்தக்குழம்பு வைத்து அப்பளம் பொரித்தாள். அவர் இரண்டு முறை சாதம் வாங்கிச் சாப்பிட்டார். போகும்போது, "சிடி பாதியில நின்னுபோச்சு, வேற சிடி வாங்கியாந்து இன்னொரு நாள் போட்டுடலாம்" என்றார்.

அவர் போனபின் கம்ப்யூட்டரைப் போட்டால் எழும்பவில்லை. விளக்கு எரிந்தது, காற்றாடி சுற்றியது, ஒரு முறை 'பீப்' என்றது. பிறகு கறுப்புத் திரையில், தொடங்குவதற்கான வட்டு எதையும் காணோம் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அணைத்துப் போட்டாள். மறுபடி அதே வரி.

மறுநாள் உலகநாதன் சார் வந்தார். பெட்டியின் மேல் காதை வைத்துக் கேட்டார்.

"ஹார்ட் டிஸ்க் செத்துப்போச்சு டீச்சர்."

"எதாவது பண்ண முடியாதா சார்?"

"செத்தது செத்ததுதான். பழைய டிஸ்க்கு, ஓடி ஓடித் தேஞ்சிருக்கும். புதுசு போட்டுக்கலாம். ஆனா உள்ள இருந்தது வராது."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஏழு வருடம். அவர் எழுந்து வந்து ஆறுதல் சொன்னார். "எனக்கே என் வூட்டுல சாவு வுழுந்த மாதிரி கீது" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், அது நடிப்பா என்று அவளால் இன்றுவரை தீர்மானிக்க முடிந்ததில்லை. கிளம்பும்போது, "அந்த டிஸ்க்கக் கழட்டிக் குடுங்க, நான் தூக்கிப் போட்டுடறேன். பாக்கப் பாக்க உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்" என்றார். கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. இருக்கட்டும் சார் என்று சொல்லிவிட்டாள்.

மூன்று வாரம் கம்ப்யூட்டர் மேல் ஒரு பழைய துண்டு கிடந்தது.

மே மாதத்தில் ஒரு பகல். தாமோதரன் வேலைக்குப் போயிருந்தார். ஜெகதாம்பாள் துண்டை எடுத்துத் துவைக்கப் போட்டுவிட்டு அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மின்சுற்றுப் பாடத்தில் அவள் வருடா வருடம் சொல்வது ஒன்று உண்டு. டார்ச் எரியவில்லை என்றால் எடுத்த எடுப்பில் பல்பைத் தூக்கி எறியாதே. முதலில் செல்லைப் பார், அப்புறம் சுவிட்ச், அப்புறம் கம்பி. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் பார். பிள்ளைகளுக்குச் சொன்னதைத் தான் ஏன் செய்யவில்லை என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. சார் சொன்னார், நம்பினாள். அவ்வளவுதான்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தையல் மிஷின் திருப்புளியால் பக்கவாட்டு மூடியைக் கழற்றினாள். திரை எரிகிறது, எழுத்து வருகிறது. அப்படியானால் அந்தப் பக்கம் பழுதில்லை. வட்டு எங்கே என்று கேட்கிறது. அப்படியானால் வட்டிலோ, அதற்குப் போகிற வழியிலோதான் கோளாறு. பிளக்கைச் செருகி, சுவிட்சைப் போட்டு, ஹார்ட் டிஸ்கின் மேல் இரண்டு விரலை வைத்தாள். உள்ளே சுழலும் அதிர்வு விரலுக்குத் தெரிந்தது. இளஞ்சூடு ஏறியது. செத்தது சுழலுமா?

மறுபடி அணைத்தாள். டிஸ்கிலிருந்து கிளம்பும் சாம்பல் நிறப் பட்டை ஒயரைத் தொடர்ந்து போனாள். மறுமுனை, செருகியிருக்க வேண்டிய இடத்தில் பாதி வெளியே தொங்கியது. அழுத்திச் செருகினாள். இப்போது திரையில் டிஸ்கின் பெயர் வந்தது. ஆனால் முதல் இடத்தில் அல்ல, இரண்டாம் இடத்தில். அப்போதும் தொடங்கவில்லை.

டிஸ்கை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். மேலே ஒட்டியிருந்த தாளில் சிறியதாக ஒரு படம். பின்பக்கம் உள்ள ஊசிகளின் மேல் ஒரு துணுக்குப் பிளாஸ்டிக் தொப்பி. அதை ஓரிடத்தில் மாட்டினால் இந்த டிஸ்க் முதன்மை, வேறிடத்தில் மாட்டினால் துணை. ஒரே பெட்டியில் இரண்டு டிஸ்க் வைக்கும்போது எது பெரியது, எது சின்னது என்று சொல்லும் ஏற்பாடு. அவளுடைய டிஸ்கில் அந்த அரிசிமணித் தொப்பி துணைக்கான இடத்தில் இருந்தது. கொண்டை ஊசியால் நெம்பி எடுத்து, படத்தைப் பார்த்து மாற்றி மாட்டினாள். வழுக்கியதில் தொப்பி ஒரு முறை கீழே விழுந்து, தரையைத் தடவித் தேடி எடுத்தாள்.

சுவிட்சைப் போட்டாள். வழக்கமாக முதலில் வரும், மேகங்கள் மிதக்கும் அந்த நீலப் படம் வந்தது. ஏழு நோட்டும் உள்ளே அப்படியே இருந்தன.

சந்தோஷத்தில் முதலில் அவளுக்குத் தோன்றியது உலகநாதன் சாருக்குச் சொல்ல வேண்டும் என்பதுதான். போன் செய்தாள்.

"சார், கம்ப்யூட்டர் எழுந்துடுச்சு சார். ஒயர்தான் கழண்டிருந்தது."

"ஃபைலு எல்லாம் கீதா டீச்சர்?" என்றார்.

"எல்லாம் இருக்கு சார்."

"அப்படியா. நல்லது." போனை வைத்துவிட்டார்.

தப்பாகச் சொல்லிவிட்ட கூச்சமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஒயர் தானாகக் கழலலாம். ஆனால் அந்தத் தொப்பி? அதை யாராவது கையால் எடுத்தால்தான் இடம் மாறும். பெட்டிக்குள் இன்னொரு டிஸ்கைப் பெரியதாக வைத்து, இவளுடையதைச் சின்னதாக்கி மாட்டியிருந்தால்தான் அதற்கு வேலையே. சிடி டிரைவ் மாட்டும்போது ஏதோ குழப்பம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். வேறு மாதிரி நினைப்பதே பாவம் என்றிருந்தது.

ஜூன் முதல் வாரத்தில், பள்ளி திறக்குமுன், செங்கல்பட்டில் புத்தகக் கடைக்குப் போனாள். மேசையில் புதிதாக ஓர் உரைநூல் அடுக்கியிருந்தது. 'கடற்கரை அறிவியல்: பத்தாம் வகுப்பு'. ஆசிரியர் உலகநாதன். சிரித்துக்கொண்டேதான் எடுத்துப் பிரித்தாள்; சார் சொல்லவே இல்லையே என்று. நாற்பத்தோராம் பக்கத்தில் பாப்பாவின் அப்பா கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார். அதே பக்கத்தில், முடுக்கம் என்று இருக்க வேண்டிய இடத்தில் 'முடக்கம்' என்று இருந்தது. அவள் அவசரத்தில் அடித்து, திருத்தாமல் விட்ட பிழை. எழுத்துக்கூட மாறாமல் அச்சில் ஏறியிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டிக்குள் வந்துபோன இன்னொரு டிஸ்க் யாருடையது என்று இப்போது புரிந்தது.

கடைக்காரர் நாற்காலி எடுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்தார். வெயில் என்று நினைத்தார்.

அன்றைக்கே திருக்கழுக்குன்றத்தில் உலகநாதன் சார் வீட்டுக்குப் போனாள். "வாங்க டீச்சர், உக்காருங்க" என்றார். அவள் உட்காரவில்லை. புத்தகத்தை மேசையில் வைத்தாள்.

"சிலபஸ் எல்லாருக்கும் ஒண்ணுதானே டீச்சர்" என்று ஆரம்பித்தார்.

"பாப்பாவும் சிலபஸ்ல இருக்காளா சார்?"

அவர் சன்னல் பக்கம் பார்த்தார். உள்ளிருந்து அவர் மனைவி காபியோடு வந்து, இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுத் தம்ளரைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு உள்ளே போனார்.

"நீங்க போட்டிருப்பீங்களா?" என்றார் கடைசியில். "ஏழு வருஷமா திருத்திகினே இருந்தீங்க. இன்னும் ஏழு வருஷம் திருத்துவீங்க. நான் கேக்கலியா, போடலாம் போடலாம்னு எத்தன தபா கேட்டேன்? இன்னும் சரியா வரல சார்னு சொன்னீங்க. இப்ப அது ஆயிரம் புள்ளைங்க கையில கீது."

அதில் பாதி உண்மை. அதுதான் அவளை அதிகம் அறுத்தது. பதில் சொல்லும்போது அவள் குரல் அவருக்கே சரியாகக் கேட்டிருக்காது.

"எடுத்ததைக்கூட விடுங்க சார். என் டிஸ்க் செத்துப்போச்சுன்னு சொல்லி, நான் அழறத உக்காந்து பாத்தீங்களே. அது எதுக்கு?"

காபி ஆறியது. அவள் வந்துவிட்டாள்.

பதிப்பகத்துக்கு எழுதினாள், பதில் வரவில்லை. வக்கீல் மூலம் நோட்டீஸ் விடலாம் என்று தாமோதரன் சொன்னார். பிறகு அவரே, "தெனமும் மூஞ்சில முழிக்கணும், ஒரே ஸ்டாஃப் ரூம்ல" என்று இழுத்தார். தலைமை ஆசிரியர் இருவரையும் கூப்பிட்டு, பள்ளிக்கூடத்துப் பெயர் கெடக்கூடாது என்று மட்டும் சொன்னார்.

ஜெகதாம்பாள் தன்னுடைய பக்கங்களை அச்செடுத்து, ஜெராக்ஸ் போட்டுத் தன் வகுப்புக்குக் கொடுத்தாள். முன் பெஞ்சில் இருந்த ஒரு பெண் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"மிஸ், இது உலகநாதன் சார் புக்கப் பாத்து எழுதினதா மிஸ்? அதுல கீற மாதிரியே கீது."

வகுப்பு முழுக்க ஜெகதாம்பாளைப் பார்த்தது. நாற்பது ஜோடிக் கண்கள். எந்தக் கண்ணிலும் கெட்ட எண்ணம் இல்லை. சொல்ல ஆரம்பித்தால் எங்கிருந்து ஆரம்பிப்பது? பிள்ளைகள் முன்னால் ஓர் ஆசிரியரைத் திருடன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"முதல் பாடத்தை எடு" என்றாள்.

அந்தப் புத்தகம் மூன்று பதிப்பு வந்தது. முடக்கம் மூன்றிலும் முடக்கமாகவே இருந்தது. நான்கு வருடம் இருவரும் ஒரே அறையில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தினார்கள். இரண்டாயிரத்து ஏழில் உலகநாதன் ஓய்வு பெற்றார். பிரிவுபசார விழாவில் பேசிய எல்லோரும் குப்பத்துப் பிள்ளைகளுக்காக அவர் எழுதிய நூலைப் பற்றித்தான் பேசினார்கள். நன்றியுரை ஜெகதாம்பாளுக்கு என்று நிகழ்ச்சி நிரலில் யாரோ போட்டுவிட்டார்கள்.

அவள் மேடையேறினாள். தலைமை ஆசிரியருக்கு நன்றி சொன்னாள். பந்தல் போட்டவருக்கும், மைக் செட்காரருக்கும், சாப்பாடு பரிமாறிய அம்மாக்களுக்கும் பெயர் சொல்லி நன்றி சொன்னாள். மாலையோடு நடுவில் உட்கார்ந்திருந்தவர் தன் பெயர் வரும் என்று முகத்தை லேசாக நிமிர்த்தி வைத்திருந்தார். அவள் தாளை மடித்துக்கொண்டு இறங்கினாள்.

கூட்டத்தில் யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். நிமிர்த்திய முகத்தை அவர் மெல்லக் கீழே இறக்கிக்கொண்டதை ஜெகதாம்பாள் மட்டும் பார்த்தாள். அதைப் பார்த்தால் மனம் ஆறும் என்று நான்கு வருடமாக நினைத்திருந்தாள். ஆறவில்லை. அப்பாவின் பாடையைத் தூக்கிய தோள்தான் நினைவுக்கு வந்தது.