புகார் எண் நாற்பத்தொன்று

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்ட தைரியராஜுக்கு ஒரு கை போதும். இன்னொரு கை அதற்குள் கூடத்துப் பெட்டியின் குமிழ் ஒன்றைத் திருக ஆரம்பித்திருக்கும். ஸ்ரீரங்கம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நாள் முழுக்க ஸ்விட்சுகளோடு மல்லுக்கட்டிவிட்டு, காவிரிப் பாலத்தைச் சைக்கிளில் கடந்து, மேலப்புதூர் வீட்டுக்கு வந்து சேருகிற மனிதர் முதலில் காப்பி கேட்பார் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். "வந்ததும் வராததுமா அங்கதானா? மூஞ்சியாவது கழுவுங்க" என்று மனைவி ரோசரி அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பார். "தோ, ஒரு நிமிஷம்" என்பார் இவர். அந்த நிமிஷம் மாதா கோயில் மணி அடிக்கும்வரை நீளும்.

பெட்டி என்று ஒருமையில் சொல்வதே தப்பு. சுவரோரமாக ஐந்து பலகைப் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சிவப்பும் நீலமுமாக ஒயர்கள். எதைப் பிடுங்கி எதில் செருகினாலும் வேறு ஏதோ நடக்கும். நாம் டெலிபோனில் எண்ணைச் சுழற்றும்போது எக்ஸ்சேஞ்சில் படிப்படியாக நகர்ந்து அந்த எண்ணைத் தேடிப்பிடிக்கிற ஸ்விட்சுகள் உண்டு. தேய்ந்துபோனவற்றை ஏலத்தில் தள்ளிவிடுவார்கள். அப்படித் தள்ளியதில் மூன்றை எழுபத்தாறாம் வருஷம் தைரியராஜ் எடுத்து வந்தார். படிக்கு ஒரு சுரம் என்று ஒயர் வைத்தார். எந்தப் படிக்குப் போவது என்பதை ஒரு பழைய ரேடியோவின் இரைச்சலிடம் ஒப்படைத்தார். இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே முள் நிற்கும்போது உஸ்ஸென்று கேட்குமே, அதுதான். ஆகவே அடுத்து என்ன வரும் என்று செய்தவருக்கே தெரியாது. பாட்டு மாதிரி ஒன்று கிளம்பும், வளையும், நெளியும், வந்த வழியே திரும்பாமல் போய்க்கொண்டே இருக்கும்.

"யாருங்க உள்ள வாசிக்கிறது?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள். "யாரும் இல்லீங்க, தானா வாசிக்குது." அந்தத் 'தானா'வே அதற்குப் பெயராகிவிட்டது.

தானாவை முன்னேற்றுவதுதான் எட்டு வருஷமாக இவருடைய இரண்டாவது உத்தியோகம். அதற்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறார். எக்ஸ்சேஞ்சில் போன் வேலை செய்யவில்லை என்றால் எப்படிப் பதிவார்களோ அதே மாதிரி கோடு போட்டிருக்கும்: புகார் எண், புகார் கொடுத்தவர், விவரம், தீர்ந்த தேதி. யார் வாயிலிருந்து என்ன வந்தாலும் அது புகார். கோயில் பாடகர் குழுவில் ஹார்மோனியம் வாசிக்கிற பிலோமின்ராஜ் ஒருநாள் கேட்டுவிட்டு, "மோகனத்துல கெளம்புது, சந்தக்கடைல போய் நிக்குது" என்றார். சிரிப்பதற்காகச் சொன்னது. தைரியராஜ் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். ஒரு மாதத்தில் ஏழு சுரத்துக்கும் ஏழு சின்ன ஸ்விட்ச் முளைத்தன. வேண்டாத சுரத்தை அணைத்துவிடலாம். கூட வேலை பார்க்கிற லைன்மேன் அழகிரி, "மூச்சே விடாம ஓடுதேண்ணே, பாவம்" என்றார். அதற்கு எட்டாவதாக ஒரு படி வந்தது. அந்தப் படியில் எதுவும் ஒலிக்காது. படி மாறும்போது எழும் டக்டக் சத்தத்தைக் கேட்டு, "தீப்பெட்டி ஆபீசுல குடியிருக்கிற மாதிரி இருக்கு" என்று ரோசரி சொன்னதற்காக, ஒரு நல்ல கம்பளிப் போர்வை பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தது. அது ரோசரியின் கல்யாணப் போர்வை என்பது தனிப் புகார். அது இன்னும் தீரவில்லை.

இவ்வளவு கெட்டிக்காரருக்கு ஒரே ஒரு வியாதி. நன்றாக இருப்பதை நன்றாக இருக்கட்டும் என்று விடத் தெரியாது. சரியான நேரம் காட்டிய சுவர்க் கடிகாரத்தை இன்னும் சரியாக்குகிறேன் என்று திறந்தார். அது இப்போது பரண்மேல் இருக்கிறது. போன வருஷத் திருவிழாவில் கணீரென்று கேட்டுக்கொண்டிருந்த மைக்கை, "கொஞ்சம் கரகரன்னு இருக்குங்க" என்று ஏறித் தொட்டார். பிரசங்கத்தின் பின்பாதியை முன்வரிசை மட்டும்தான் கேட்டது. சாமியார் பெருந்தன்மையாகச் சிரித்தார். "கைய வெச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்று ரோசரி கேட்டார். தெரியாதுதான்.

ரோசரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதினான்கு வருஷம் அதே பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று பாடியவர். எழுபத்தொன்பதில் தொண்டையில் ஆபரேஷன் ஆயிற்று. பேச்சு திரும்பும், பாட்டு போகப்போகத் தெரியும் என்றார் டாக்டர். பேச்சு திரும்பியது. பாட்டு திரும்புகிறதா என்று ரோசரி பார்க்கவே இல்லை. பூசைக்குப் போனால் கடைசி பெஞ்சு. எல்லாரும் பாடும்போது வாய் மூடியே இருக்கும். வீட்டில் பாத்திரம் துலக்கும்போதுகூட ஒரு முனகல் கிடையாது. அந்த மௌனம் தைரியராஜை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு நாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. எதையும் திறந்து பார்க்கிற மனிதருக்கு அதைத் திறக்க மட்டும் பயம்.

போன வருஷம், எண்பத்து மூன்றில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். ரோசரி ஆட்டுக்கல்லில் இட்லிக்கு மாவாட்டிக்கொண்டிருந்தார். தானா பாட்டுக்கு ஏதோ வாசித்துக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. ஒயர் எங்கோ உரசுகிறது என்று நினைத்துத் தைரியராஜ் குனிந்து காதை வைத்தார். சத்தம் அடுப்படியிலிருந்து வந்தது. ரோசரியின் குரல். கரகரத்து, பாதிக்குப் பாதி காற்றாக, ஆனால் சுரம் பிசகாமல் தானாவோடு கூடவே போனது. மேலே ஏறுகிற இடத்தில் மட்டும் எட்டாமல் தவித்தது.

ஐயோ, கொஞ்சம் இறக்கிக் கொடுத்தால் சுகமாகப் பாடுவாளே என்று இவருக்குத் தோன்றியது. குமிழைக் கால்வாசி கீழே திருகினார். சுரம் இறங்கியது. கூடவே ஸ்விட்ச் ஒரு படி தடுக்கி, வேறு எங்கோ போய்விட்டது. அடுப்படியிலும் குரல் நின்றது.

"இப்ப வந்துச்சே, அத இன்னொரு தடவ வைங்களேன்."

"அது திரும்ப வராதும்மா."

"ஓ" என்றார் ரோசரி. குழவி மறுபடி சுற்ற ஆரம்பித்தது.

மறுநாள் பூசைக்குப் போகுமுன் நோட்டில் ஏறியது: புகார் எண் நாற்பத்தொன்று. புகார் கொடுத்தவர்: ரோசரி. விவரம்: நல்லது வந்தால் நிற்பதில்லை.

பிலோமின்ராஜுக்கு இது பெரிய விஷயமாகப் படவில்லை. "ஒரு டேப் ரெக்கார்டர வாங்கிப் பக்கத்துல வெச்சா முடிஞ்சுது" என்றார்.

"பட்டனத் தேடி அமுக்கறதுக்குள்ள அது போயிருங்க. போனப்புறந்தான நல்லா இருந்துச்சுன்னே தெரியுது. நான் கேக்கறது முடிஞ்சு போனதப் புடிக்கிறதுக்கு."

அதற்குத்தான் பதினோரு மாதம் ஆயிற்று. கடைசியாக ஒலித்த பதினாறு சுரத்தை எந்நேரமும் ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும். ஸ்விட்சை அமுக்கினால் அதையே திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். ரிலே என்பது மின்சாரம் பாய்ந்தால் தானே ஒட்டிக்கொள்கிற குட்டி ஸ்விட்ச்; ஒரு சுரத்துக்கு மூன்று ரிலே. மொத்தம் நாற்பத்தெட்டு. ஏலத்தில் எடுத்த பழைய ரிலேக்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, ஈயம் வைத்து, ஐந்தாவது பெட்டி எழும்பியது. நோட்டில் நாற்பத்திரண்டு முதல் ஐம்பத்தேழு வரை புகார்கள் வரிசையில் காத்துக்கிடந்தன. வழக்கமாக அப்படி விடுகிறவர் அல்ல.

பெட்டி வேலை செய்தது. ஆனால் எப்போது அமுக்குவது? இவர் காதுக்கு நன்றாகப் பட்ட இடத்திலெல்லாம் அமுக்கிப் பார்த்தார். தானா சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது, அடுப்படி அசையவில்லை. நான்கு நாள் போன பிறகுதான் புத்தியில் உறைத்தது. புகார் யாருடையதோ அவர்தானே தீர்ந்ததென்று சொல்ல வேண்டும்! அன்றைக்கே பெட்டியிலிருந்து சுவர் வழியாக ஒயர் இழுத்து, ஆட்டுக்கல்லுக்கு நேர் மேலே ஒரு காலிங் பெல் ஸ்விட்சை வைத்தார்.

"இது எதுக்கு?"

"புடிச்ச மாதிரி எதாச்சும் வந்தா அமுக்கு. நிக்கும்."

"எனக்கெதுக்கு இதெல்லாம்" என்றார் ரோசரி. மறுநாள் அந்த ஸ்விட்சில் கரித்துணி தொங்கியது. தைரியராஜ் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து, துணியை அதற்கு மாற்றினார். மூன்று வாரம் அப்படியே போயிற்று. தினமும் ஸ்விட்சின் மேல் தூசி இருக்கிறதா என்று பார்ப்பார். இருக்கும்.

போன சனிக்கிழமையும் மாவாட்டு உண்டு. இவர் பெட்டிகளுக்கு முன்னால் மணைப்பலகையில் உட்கார்ந்திருந்தார். தானா இரண்டு சுரம் ஏறி, ஒன்று இறங்கி, மூச்சு விட்டு, மறுபடி ஏறியது. போன வருஷம் வந்ததேதானா இது என்று அவருக்குத் தெரியாது. அதன் சாயல் மட்டும் இருந்தது. ஆட்டுக்கல் நின்றது. திரும்பிப் பார்த்தார். ரோசரியின் இரண்டு கையிலும் முழங்கைவரை மாவு. அப்படியே எழுந்து, சுவரோடு சாய்ந்து, முழங்கையால் ஸ்விட்சை அமுக்கினார்.

ஐந்தாவது பெட்டிக்குள் நாற்பத்தெட்டு ரிலேயும் சடசடத்து அடங்கின. தானா வந்த வழியே திரும்பி வந்தது. அதே ஏற்றம், அதே இறக்கம், அதே மூச்சு. இரண்டாவது சுற்றில் அடுப்படியிலிருந்து அந்தக் கரகரத்த குரல் மெல்லச் சேர்ந்துகொண்டது. மேலே ஏறுகிற இடத்தில் எட்டாமல் தவித்தது. தைரியராஜின் வலது கை தானாகக் குமிழை நோக்கிப் போனது.

பாதியில் கையை இழுத்துக்கொண்டார். பிறகு இரண்டு உள்ளங்கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டார்.