பிளைட்டுக்கு முதல் ஒரு வீடியோ கமரா

வீடியோ கமரா விற்பவளுக்கு முதலில் தேய்வது செருப்பு. வெளிநாட்டுப் பயணத்துக்குக் கமரா வாங்க வருகிறவர் ஓரிடத்தில் நிற்கமாட்டார். இதை எடுப்பார், அதை வைப்பார், வாசலுக்குப் போவார், திரும்பி வருவார். பின்னால் நானும் நடக்க வேண்டும். வெள்ளவத்தை காலி வீதியில் ஒரு கமராக் கடையில் பதினொரு வருடம் இப்படி நடந்தேன். கவுண்டருக்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ நின்று கால் உளைந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கடையில் நாங்கள் மூன்று பேர்: முதலாளி ஹாஜியார், ஹட்டனில் இருந்து வந்த ரமேஷ், நான். எல்லோரும் போனிலேயே படம் பிடிக்கத் தொடங்குவதற்குச் சற்று முந்திய காலம் அது.

இருபது மடங்கு சூம்

ஹெவ்லொக் டவுனில் இருந்து ஒருவர் மனைவியோடு வந்தார். மலேசியா போகிறார்களாம். பத்துமலை முருகன் கோயிலில் கீழே நின்றபடியே மேலே குகையில் உள்ளதைப் பிடிக்க வேண்டும், படி ஏற ஏலாது, ஆகையால் சூம்தான் முக்கியம் என்றார். மனைவி நிறத்தைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார். அவர் அதைக் கேட்கவில்லை. வாசலில் போய் நின்று, வீதிக்கு அந்தப் பக்கமுள்ள பஸ் தரிப்பிடத்தை நோக்கிக் கமராவைப் பிடித்தார்.

"என்ன மாதிரிக் கிட்ட வருது, பாருமப்பா" என்று மனைவிக்குச் சொல்லிக்கொண்டே முகம் முகமாகப் பார்த்து வந்தவர், ஒரு முகத்தில் நின்றார். பிறகு கமராவை மெதுவாக இறக்கினார். உள்ளே வந்து கமரா நிறுத்தும் ரைபொட்டுகள் அடுக்கியிருந்த மூலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். பஸ்ஸுக்கு நின்றவர் அவருடைய மனேஜர். இவர் காய்ச்சல் என்று சொல்லி அன்று லீவு எடுத்திருந்தார். மனேஜர் பஸ் ஏறும்வரை கால் மணித்தியாலம் அங்கேயே நின்று, வியர்வையைத் துடைத்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"தங்கச்சி, இவ்வளவு கிட்டக் காட்டாத கமரா ஒண்டு இருக்கா?"

சாப்பாட்டு நேரத்துக்காரர்

பம்பலப்பிட்டியில் வேலை செய்யும் ஒருவர் ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு நேரத்தில் வருவார். ஒரே கமராதான். திறப்பார், மூடுவார், எடையைக் கையில் பார்ப்பார். லண்டனில் உள்ள மச்சான் அங்கே வாங்கச் சொல்கிறார், இங்கே உள்ள மச்சான் இங்கே வாங்கச் சொல்கிறார் என்று நெற்றியைத் தடவுவார். மூன்று கிழமை இப்படி. பிறகு ஒரு மாதம் ஆளைக் காணவில்லை. வேறு கடையில் வாங்கிவிட்டார் என்று எனக்குச் சரியான மனவருத்தம். ஒருநாள் அதே நேரத்துக்கு வந்து அதே கமராவைக் கேட்டார். எப்போது பயணம் என்று கேட்டேன்.

"போயிட்டு வந்திட்டன் தங்கச்சி. இப்ப அவசரமில்லை, ஆறுதலாப் பாப்பம்."

வேனுக்குள் வகுப்பு

ஒரு பின்னேரம் கடை வாசலில் வேன் ஒன்று வந்து நின்றது. கூரையில் சூட்கேஸ். தேவராஜா என்பவர் இறங்கி ஓடி வந்தார். அன்றிரவு சிங்கப்பூர் பிளைட். கமரா வாங்க மறந்துபோச்சு. புதுப் பெட்டியில் உள்ள பற்றரியில் சார்ஜ் இராது என்று ரமேஷ் சொன்னதும் அவருடைய முகம் கறுத்தது. ரமேஷே காட்சிக்கு வைத்திருந்த கமராவின் பற்றரியைக் கழற்றி மாட்டிக் கொடுத்தான். ஆனால் அவருக்கு எந்தப் பொத்தானை அமத்துவது என்றே தெரியவில்லை. வேன்காரர் ஹோர்ன் அடித்தார். ஹாஜியார் என்னைப் பார்த்து, "நீங்க வேன்ல ஏறுங்க மகள். பேலியகொட வரக்கும் சொல்லிக் குடுத்துட்டு எறங்கி வாங்க" என்றார்.

ஏறினேன். காலி வீதி நெரிசலில், கமராத் திரையில் சிவப்பு வட்டம் தெரிந்தால் படம் ஓடுகிறது, தெரியாவிட்டால் நிற்கிறது என்று பத்துத் தரம் சொன்னேன். அவருடைய மனைவி சாந்தி அக்கா பாஸ்போட்டை ஐந்து தரம் எடுத்துப் பார்த்தார். பேலியகொடயில் அதிவேகப் பாதைக்கு முன்னால் இறங்கி பஸ் பிடித்து வந்தேன்.

இரண்டு கிழமையில் இருவரும் கடைக்கு வந்தார்கள். கமராவை எங்கள் டிவியில் பூட்டி ஓடவிட்டோம். சிங்கப்பூர் முழுக்க நடைபாதையும் செருப்பும்தான். தொடக்கத்தில் ஒரு தரம் மாறி அமத்தியிருக்கிறார். அதற்குப் பிறகு, பிடிக்கும்போது நின்று, நடக்கும்போது ஓடியிருக்கிறது. படத்தில் வேறொன்றுமில்லை, குரல் மட்டும் தெளிவாக இருந்தது: "பாஸ்போட் எங்க?" "உங்கட பையிலதான்." "என்ர பையில இல்லை." தேவராஜா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். நான் டிவியின் சத்தத்தைக் குறைத்தேன், சொல்லிக் கொடுத்தவள் நான்தானே. சாந்தி அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டுச் சொன்னார்:

"சிலையும் கட்டிடமும் போஸ்ட்காட்டிலயும் கிடக்கும். நாங்க சண்டை பிடிக்கிறது எந்தக் கடையில கிடைக்கும்?"

ஆடாத படம்

கொட்டாஞ்சேனை ரீட்டா அன்ரி கேட்டது ஒன்றுதான்: கை ஆடினாலும் படம் ஆடக்கூடாது. அவருக்குக் கை நடுக்கம். கனடாவில் மகளுக்கு முதல் பிரசவம். பிள்ளையைக் குளிப்பாட்ட, மகளைப் பார்க்கப் போகிறார். ஐந்து நாள் வந்து கடைக்குள் நடந்து நடந்து பழகினார்.

ஐந்தாம் நாள் வாங்கிக்கொண்டு போனவர், ஆறாம் நாள் கமராப் பெட்டியோடு திரும்பி வந்தார். விசா தரவில்லை. விற்ற பொருளைத் திருப்பி எடுப்பதில்லை என்று சுவரில் எழுதியிருந்தது. ஹாஜியார் அதற்கு முதுகைக் காட்டி நின்று, "பாதகமில்ல, குடுங்க" என்று கை நீட்டினார்.

அன்ரி கொடுக்கவில்லை. பையில் இருந்து ஒரு துவாயை எடுத்துப் பிள்ளை அளவுக்குச் சுருட்டினார். பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் ஒரு பிளாஸ்டிக் பேசினும் வெந்நீரும் வாங்கித் தரச் சொன்னார். குளிப்பாட்டும் முறையை நாங்கள் படம் பிடிக்க வேண்டும், பக்கத்து வீட்டார் ரொறன்ரோ போகும்போது அவர்களிடம் கமராவையே மகளுக்குக் கொடுத்துவிடுவாராம். ஸ்கைப்பில் காட்டலாமே என்றேன்.

"பாதியில லைன் கட்டானா ஈரப் பிள்ளையை வைச்சுக்கொண்டு அவள் என்ன செய்யிறது?" என்றார்.

ரமேஷ் பிடித்தான். அன்ரி துவாயின் தலைப்பக்கத்தை இடது கையில் ஏந்தி, வலது கையால் தண்ணீர் வார்த்தார். காலிடுக்கு, கழுத்து மடிப்பு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். உள்ளே வந்த வாடிக்கையாளர்கள் மூன்று பேர் நின்று பார்த்தார்கள். அன்ரியின் கை ஆடவில்லை. ரமேஷின் கைதான் ஆடியது.

இரண்டு மாதத்துக்குப் பிறகு மகள் அனுப்பிய ஒரு மெமரி காட்டோடு வந்தார். டிவியில் போட்டேன். மருமகன் லப்டொப்பில் அன்ரியை ஓடவிட்டு, நிறுத்தி, பார்த்து, உண்மையான பிள்ளையைக் குளிப்பாட்டுகிறார். அன்ரி டிவிக்குக் கிட்டப் போய் நின்று, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

"தலையைப் பிடிக்கிறது சரி. காதுக்குள்ள தண்ணி போகுது."

பிளேன் ஏறுகிறவர் யாராக இருந்தாலும், திரும்பி வந்து "படம் நல்லா வந்திருக்கு" என்று சொல்லும்வரை நிலத்தில் கால் படாமல் அலைந்தது கமரா விற்ற நான்தான்.