வாசலுக்கு வாஸ்து பார்த்தேன், மண்ணைப் பார்க்கவில்லை

நூம்பலில் எங்கள் வீட்டை ஒட்டி மகளுக்கு ஓர் அறை கட்டினேன். வாசல் எந்தத் திசை என்று மூன்று வாஸ்துக்காரர்களைக் கேட்ட மேதை நான், மண்ணைப் பற்றி ஒருவரையும் கேட்கவில்லை. குழியில் கறுப்புக் களிமண்ணும் நத்தை ஓடும் வந்தபோதும், இது தூர்த்த ஏரி என்று உறைக்கவில்லை.

"மூணடி அஸ்திவாரம் போதும் சார்," என்றார் மேஸ்திரி. பெரிய இன்ஜினியர் மாதிரி தலையாட்டினேன்.

முதல் மழையிலேயே அறை ஒரு பக்கம் இறங்கியது. நிலை கோணி, கதவு இறுகிவிட்டது. உள்ளே மகள், "அப்பா, சுவர் பிளக்குது!" என்று அலறினாள். கடப்பாரையால் கதவை உடைத்து அவளை வெளியே இழுத்தேன்.

மேஸ்திரி வந்து பார்த்தார். "இன்னா சார் பண்றது, மழை ஜாஸ்தி."

"பழைய வீடு அசையலையேய்யா!"

"அதுக்கு ஆழமா காங்கிரீட் தூண் எறக்கி பைல் போட்டுக்கீது சார். தோண்டும்போதே பாத்தேன்."

"பாத்துட்டுமா எனக்கு மூணடி?"

"நீங்க கேக்கலியே சார்."

அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. அன்று மூன்றடிக்கு ஆட்டிய என் தலையை நினைத்தால் இன்னும் அதிகம்.

அறையை இடித்தேன். மண்ணைப் பரிசோதித்து, கெட்டித் தரை வரை காங்கிரீட் பைல் இறக்கிய பிறகே மறுபடி கட்டினேன். இப்போது தெருவில் யார் குழி தோண்டினாலும் எட்டிப் பார்த்து, "மண்ணை டெஸ்ட் பண்ணீங்களா?" என்று கேட்கிறேன். முறைக்கிறார்கள். முறைக்கட்டும். உள்ளே தூங்கப்போவது அவர்கள் பிள்ளை.